மணல்திட்டில் வெட்டிய கிணறு

இப்படியான கட்டுரைகளை ஓய்வூதியம் வாங்குகிறவர்கள்தான் எழுதுவது வழக்கம். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனால் இந்த மாதத்தோடு வன்னியை விட்டுப் போகிறேன்; மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. நீர்ப்பாசனப் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் ஓவசியர் தம்பிமார் நீங்கள், நேற்றுத் தேநீர்க் கடையில் என்னைச் சூழ்ந்துகொண்டு, "அண்ணை, ஏதாவது சொல்லிப்போட்டுப் போங்கோ" என்றீர்கள். நான் சொல்லத் தொடங்கினால் லேசில் நிறுத்தமாட்டேன் என்று தெரிந்த பழைய ஆட்கள் ஒவ்வொருவராய் எழும்பிப் போய்விட்டார்கள். அவர்களைக் கலைத்துப் பிடிக்க முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

மட்டம் பார்ப்பது, கட்டு அளப்பது, மதகு திறப்பது எல்லாம் நீங்கள் படித்து வந்தவை. அவற்றை விடுவோம். ஒரேயொரு கேள்விக்கு மட்டும் பாடப்புத்தகத்தில் அதிகாரம் கிடையாது: எல்லாரும் உங்களைப் பார்த்துக் கத்துகிறார்கள், விடையோ உங்களுக்கே தெரியாது. அப்போது என்ன செய்வது? எனக்கு அது நாயாற்றில் ஒரு மாரியில் தெரியவந்தது. ஐம்பதுகளின் கடைசி. வேலைக்கு வந்து இரண்டாம் மாரி. என் மீசையைவிடப் பெரியதாய் இருந்தது என் தைரியம்.

நாயாற்றைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மேற்கே காடும் குளங்களும் வயல்களும். கிழக்கே கடல். இரண்டுக்கும் நடுவே களப்பு, அதாவது கடலோரத்து நீர்நிலை. கோடையில் கடல் மணலை அள்ளிக் கொண்டுவந்து களப்பின் வாயை அடைத்துவிடும். மாரியில் குளங்கள் நிரம்பி வான் பாய, அந்தத் தண்ணீர் எல்லாம் களப்புக்குள் வந்து விழும். வாய் அடைபட்டிருந்தால் வெளியே போக வழியில்லை. வந்த வழியே திரும்பி வயலுக்குள் ஏறும். அப்போது ஆட்கள் மண்வெட்டியோடு போய் மணல்திட்டை வெட்டிவிட வேண்டும். ஒரு பாகம் வெட்டினால் போதும், மிச்சத்தைத் தண்ணீரே வெட்டிக்கொண்டு போய்விடும். எப்போது வெட்டுவது என்பதில்தான் தலையிடி.

களப்பின் மேல்கரையில் காடு வெட்டிக் குடியேறியவர்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். ஊரில் கிணற்றுத் தண்ணீரை இறைத்துப் புகையிலையும் மிளகாயும் செய்தவர்கள். அவர்களுக்கு முன்னால் நிற்பவர் கந்தையா அண்ணர். ஊரில் கிணறு வெட்டுவதில் பேர்போனவர். அவர்களுக்குள் பரமேஸ்வரி அக்கா என்று ஒருவர். குடியேறிய முதல் வருடமே புருசன் பாம்பு கடித்துச் செத்துப்போனார். மூன்று பெண்பிள்ளைகள். "காட்டுக்குள்ள நிண்டது காணும், ஊருக்கு வா" என்று அண்ணன்மார் வண்டியோடு வந்து நின்றார்கள். "ஒரு போகம் வெட்டிக் காட்டுறன். காட்டேலாமப் போனா வாறன்" என்று சொல்லி வெறும் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டா.

நான் சொல்லும் மாரியில் நின்றதுதான் அந்த ஒரு போகம். அவவின் காணி எல்லாக் காணிகளிலும் தாழ்ந்தது, களப்போடு ஒட்டியது. நெல் குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் உருவாகிவிட்டது, ஆனால் இன்னும் தண்டுக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தண்ணீர் மூடிக்கொண்டு வந்தது.

சங்கக் கடையின் வானொலிப் பெட்டி வங்காள விரிகுடாவில் புயல் என்றது. வாடைக்காற்று மரங்களைப் பிடித்து உலுப்பியது. மழை விட்டு விட்டுப் பெய்தது. வவுனியாவிலிருந்த இஞ்சினியருக்கு நான் தந்தி அடித்தேன்: வாய் வெட்டுவதா, பொறுப்பதா? றோட்டு வெள்ளத்தில், அவரால் வர முடியாது. பதில் தந்தி இரண்டே சொல்லில் வந்தது: "உமது உசிதப்படி." நல்ல மனிதர். அந்தத் தந்தியைப் படித்தபோது மட்டும் அவர்மேல் எனக்கு அவ்வளவு பட்சம் வரவில்லை.

காலையில் சேற்றில் சைக்கிளை உருட்டிக்கொண்டு மணல்திட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே இரண்டு படை நிற்கிறது. ஒரு பக்கம் மண்வெட்டியும் ஓலைக் கடகமுமாய்க் குடியேற்றக்காரர்கள். மறுபக்கம் நாயாற்றுக் கரையில் வாடிக் குடிசை போட்டிருந்த மீன்பிடிக்காரர்கள். அவர்களுக்கு முன்னால், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மரியாம்பிள்ளைச் சம்மாட்டியார். கரைவலைக்குச் சொந்தக்காரர். சிரிக்காமல் பகிடி விடக்கூடிய மனிதர்.

"விலகுங்கோ சம்மாட்டியார். எங்கட நெல்லு மூச்சடைச்சுச் சாகுது" என்றார் கந்தையா அண்ணர்.

"ஆர் வெட்ட வேண்டாமெண்டது? நாளைக்குப் பின்னேரம் மட்டும் பொறுங்கோவன். வாயில வலை கட்டி முடியேல்லை. இப்ப திறந்தா றால் முழுக்க ஒரேயடியா ஓடிப்போடும்."

"உங்கட றாலுக்காக எங்கட நெல்லு காத்துக்கொண்டு நிக்கிறதோ?"

"நெல்லு எங்கை ஓடப்போகுது? றாலுக்குத்தான் கால் கிடக்கு."

இரண்டு படையும் சிரித்துவிட்டது. சிரித்தவுடன் குடியேற்றக்காரர்களுக்குத் தாங்களும் சிரித்துவிட்டோமே என்று இன்னும் கோபம். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அலை வழக்கத்தைவிட மேலே ஏறி, திட்டின் முதுகு வரைக்கும் நுரை எறிந்துகொண்டிருந்தது. களப்பும் ததும்பி நின்றது. எது உயரம்? கடல் உயரமாய் இருந்து நாங்கள் வாயைத் திறந்தோமென்றால், வெள்ளம் வெளியே போகாது. உப்புத்தண்ணீர் உள்ளே வரும். உப்புப் பட்டால் நெல்லும் போகும், அடுத்த போகங்களுக்கு மண்ணும் போகும். ஆனால் கடல் உயரம் என்று எனக்கு நிச்சயமாய்த் தெரியுமா? தெரியாது. மட்டப் பலகையை நட்டுக் கருவியால் பார்க்கலாமென்றால், காற்றில் முக்காலி துள்ளுகிறது, கண்ணாடியில் மழை வழிகிறது.

"இப்ப வெட்டக்கூடாது" என்றேன். "கடல் ஏறி நிக்குது. உப்பு உள்ளே வந்திடும்."

பரமேஸ்வரி அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றா. என்னை மேலும் கீழும் பார்த்தா.

"தம்பி, நேற்றுச் சம்மாட்டியார் வீட்டில நண்டுக்கறியோட சாப்பிட்டனீங்களாம். மெய்யோ?"

"...ஓம்."

"அதுதான் கதை கடற்கரைப் பக்கமாச் சரியுது."

குடியேற்றக்காரர்கள் கைதட்டினார்கள். சம்மாட்டியார் விடுவாரா? "என்ர மனுசியின்ர நண்டுக்கறிக்கு ஓவசியர் சரிவாரெண்டு முந்தியே தெரிஞ்சிருந்தா, இஞ்சினியரையும் கூப்பிட்டு ஒரு கோப்பை குடுத்திருப்பனே!"

தம்பிமாரே, இந்த இடத்தில் உங்களுக்கு இரண்டு ஆசை வரும். ஒன்று, "நான் அரசாங்க ஓவசியர், நான் சொன்னது சொன்னதுதான்" என்று கத்துவது. மற்றது, "சரி, வெட்டுங்கோ, என்னவாவது செய்யுங்கோ" என்று சைக்கிளில் ஏறுவது. இரண்டும் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. இரண்டையும் விழுங்கினேன். காரணம், அக்காவின் கேள்வி நியாயமானது. நான் சொல்வது தவறென்றால் போவது என் சம்பளமல்ல, அவவின் போகம். அதை என் வாய்ச்சொல்லுக்காக அவா ஏன் பணயம் வைக்க வேண்டும்? நான் சரியா பிழையா என்பதை அவாவே தன் கண்ணால் பார்க்க ஒரு வழி வேண்டும். நான் பிழையென்றால் அதுவும் எல்லாருக்கும் முன்னால் தெரிய வேண்டும்.

கந்தையா அண்ணரின் மண்வெட்டி மணலில் குத்தி நின்றது. அதைப் பார்த்தவுடன் மூளைக்குள் ஏதோ துள்ளியது.

"கந்தையா அண்ணை! கிணறு வெட்டேக்குள்ள ஊற்று எந்தப் பக்கத்தால வருதெண்டு என்னண்டு பாப்பியள்?"

"இதென்ன கேள்வி? இறைச்சு வறளாக்கிப்போட்டுக் குந்தியிருந்து பாக்கிறது. எந்தச் சுவரில முதல் கசியுதோ, அங்கைதான் ஊற்றுக்கண்."

"அப்ப இந்தத் திட்டுக்கு நடுவில ஒரு கிணறு வெட்டுங்கோ."

"விசரே தம்பி? வெள்ளத்துக்கு நடுவில நிண்டுகொண்டு கிணறு வெட்டவோ?"

"ஓம், வெட்டுங்கோ. கடல் உயரமெண்டா கடல் பக்கச் சுவர் கசியும். களப்பு உயரமெண்டா களப்புப் பக்கச் சுவர் கசியும். களப்புப் பக்கம் கசிஞ்சா, இந்த நிமிசமே வாயை வெட்டுங்கோ. நானும் மண்வெட்டி பிடிக்கிறன். நண்டுக்கறி குடுத்தவை தடுத்தாலும் விடமாட்டன்."

கந்தையா அண்ணர் சால்வையை இடுப்பில் இறுக்கினார். யாழ்ப்பாணத்தானிடம் கிணறு வெட்டச் சொன்னால் அவனுக்கு வேறு எந்தக் கோபமும் நினைவில் நிற்காது.

வெட்டினார்கள். ஆனால் அது செம்மண் அல்ல, கடல் மணல். ஒரு முழம் இறங்கினால் அரை முழம் சரிந்து மூடியது. ஊரில் சுவர் போலச் செதுக்கிப் பழகிய கைகளுக்கு இது பெரிய அவமானமாய்ப் போய்விட்டது. "இதென்ன மண்ணடா, மா மாதிரி!" என்று திட்டித் திட்டி வெட்டினார்கள். மீன்பிடிக்காரர்கள் சுற்றி நின்று ஆலோசனை சொல்லத் தொடங்கினார்கள்; கேட்காமல் வந்த ஆலோசனை. கடைசியில் பரமேஸ்வரி அக்கா தன் புதுக் கடகத்தைத் தூக்கி, சம்மாட்டியாரின் கத்தியை வாங்கி, அதன் அடியை ஒரே வளையமாக அறுத்தெறிந்துவிட்டு, குழிக்குள் இறக்கினா. ஓலைப் பின்னலுக்கால் தண்ணீர் கசியும், மணல் நிற்கும். அதுதான் எங்கள் கிணற்றுக்குக் கட்டு.

தண்ணீர் ஊறியது. அக்கா ஒரு தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு நாக்கில் விட்டா.

"உப்பு."

"பாத்தியளே!" என்றேன் நான், அவசரப்பட்டு.

"என்னத்தைப் பாக்கிறது?" என்று பாய்ந்தார் கந்தையா அண்ணர். "கடற்கரை மணல் உப்பில்லாமல் சீனி மாதிரியோ இருக்கும்? இறையுங்கோ. இறைச்சுப்போட்டுக் கதைப்பம்."

அவர் சொன்னது சரி. இறைத்தோம். ஊறியது, மறுபடி இறைத்தோம். கடகத்தைச் சுற்றி இரண்டு படையின் தலைகளும் முட்டிக்கொண்டு நின்றன. ஒருவர் மூச்சு மற்றவர் கன்னத்தில் பட்டது. குழி வறண்டது. எல்லாரும் பார்த்துக்கொண்டே இருக்க, கடல் பக்கத்து ஓலைப் பின்னலில் முதல் துளி பூத்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாய் வழிந்தது. களப்புப் பக்கம் காய்ந்தே கிடந்தது.

இந்த முறை நான் சிரட்டையை அக்காவிடம் நீட்டினேன். அக்கா மறுபடி சிரட்டையில் மொண்டு சுவைத்துவிட்டு, குழியிலிருந்து முகம் நிமிர்த்தாமலே சொன்னா:

"கடல்தான். மண்வெட்டியளை வையுங்கோடா."

வைத்தார்கள். அதோடு ஓர் ஒப்பந்தமும் ஆயிற்று. ஊற்று எப்போது பக்கம் மாறுகிறதோ அப்போது வெட்டுவது. அதற்கு முன்னால் குடியேற்றக்காரர் மண்வெட்டி தொடக்கூடாது. அதற்குப் பின்னால், வலை கட்டி முடிந்தாலென்ன முடியாவிட்டாலென்ன, மீன்பிடிக்காரர் ஒரு சொல் சொல்லக்கூடாது. சம்மாட்டியார் நெற்றியில் சிலுவை போட்டு ஒத்துக்கொண்டார். கந்தையா அண்ணர் திருநீற்றைத் தொட்டு ஒத்துக்கொண்டார். நான் எதையும் தொடவில்லை. குழியை இறைக்கக் குனிந்தேன்.

காத்திருப்பதுதான் எங்கள் வேலையில் மிகக் கடினமான பகுதி. ஓடச் சொன்னால் நான் ஓடுவேன், கத்தச் சொன்னால் கத்துவேன். சும்மா குந்தியிருந்து ஒரு குழியை இறைப்பதற்கு எனக்கு உடம்பு ஒத்துழைக்காது. வாடிகளிலிருந்து மீன் போட்ட கூழ் வந்தது. அக்காவுக்கு அன்று விரதம் என்று கேள்விப்பட்டு, சம்மாட்டியாரின் மனைவி புதுப் பானையில் வெறும் தேநீர் வைத்து, சர்க்கரைத் துண்டோடு தானே கொண்டுவந்து கொடுத்தா. "மீன் பட்ட பானையில்லைப் பிள்ளை, பயப்பிடாமல் குடி" என்றா. மற்றவர்கள் கூழ்ப்பானையின் அடியைச் சுரண்டினார்கள். காலையில் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடிக்க நின்றவர்கள், பின்னேரம் எந்தக் கூழுக்கு எந்த மீன் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

பொழுது சாயும் நேரம் வயல் பக்கமிருந்து ஒருவர் நனைந்துகொண்டு ஓடிவந்தார். "அக்கா, உங்கட வயல் மூடிப்போட்டுது! நுனியும் தெரியேல்லை!"

எல்லார் கண்ணும் என்மேல். அந்த நேரத்தில் யாராவது, "போதும் தம்பி, வெட்டுவம்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், நான் சம்மதித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அக்கா எழும்பி வயல் பக்கம் பார்த்தா. இருட்டிக்கொண்டு வந்த மழையில் அங்கே எதுவும் தெரியாது. திரும்பி வந்து குழியருகில் குந்தினா. சிரட்டையை எடுத்தா. நாக்கில் விட்டுத் துப்பினா.

"நல்ல தண்ணிக்குள்ள நெல்லு ஒண்டிரண்டு நாள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும்" என்றா. "உப்புக்குள்ள கிடவாது. இறையுங்கோ."

இறைத்தோம். இராமுழுக்க முறை வைத்து இறைத்தோம் என்பதற்குமேல் அந்த இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

விடிந்தபோது காதுக்குள் ஏதோ குறைந்தது போலிருந்தது. காற்று! வாடை தளர்ந்துவிட்டது. புயல் தெற்கே எங்கோ கரையேறிப் போயிருக்க வேண்டும். கடலின் நுரைக்கோடு திட்டின் முதுகை விட்டு இறங்கி, கீழே ஈரமணலைக் காட்டிக்கொண்டிருந்தது. நான் குழியை நோக்கி ஓட, அதற்குமுன் அக்காவின் குரல் வந்தது:

"தம்பீ! மாறிப்போட்டுது! இஞ்சாலை வடியுது, இஞ்சாலை!"

களப்புப் பக்கத்துப் பின்னலில் தண்ணீர் மணிமணியாய் வடிந்தது. அவா சிரட்டையை என் வாயிலே பிடித்தா. சுவைத்தேன். சப்பென்று இருந்தது. உப்பும் இல்லை, சவரும் இல்லை. அவ்வளவு ருசியான தண்ணீரை நான் அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை. சிரட்டை கை மாறிக் கை மாறிப் போயிற்று. "சப்பெண்டு கிடக்கு! சப்பெண்டு கிடக்கு!" என்று பெரிய ஆண்கள் துள்ளினார்கள்.

சம்மாட்டியாரின் வலை பாதிதான் கட்டியிருந்தது. அவர் அதை ஒருதரம் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார், வழியை விட்டு விலகி நின்றார். "வெட்டுங்கோ" என்றார். வேறு சொல் சொல்லவில்லை.

இனித்தான் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களைத் தவிர வேறு எவரும் விடமுடியாத பிழை ஒன்று நடந்தது. குடியேற்றக்காரர்கள் வெட்டினார்கள். எவ்வளவு அழகாய் வெட்டினார்கள்! நூல் பிடித்த மாதிரி நேராய், ஒரு சாண் அகலத்தில், கரை செதுக்கி. களப்புத் தண்ணீர் அதற்குள்ளால் ஒழுங்காய், அடக்கமாய் ஓடிற்று. அலை ஒன்று வந்து மணலைத் தள்ளி அதை மூடிற்று. மறுபடி திறந்தார்கள், அதே சாண் அகலம். மறுபடி மூடிற்று. வாளியால் அளந்து தண்ணீர் கட்டி வளர்ந்த கை, எத்தனை பெரிய வெள்ளமானாலும், நல்ல தண்ணீரைக் கடலுக்கு விட மனம் வராமல் தன்னையறியாமலே சிக்கனம் பிடித்தது.

மீன்பிடிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "என்ன கந்தையா அண்ணை, புகையிலைக்குத் தண்ணி கட்டுறியளோ? எந்தப் பாத்திக்கு?"

"அகலமா வெட்டுங்கோ! வண்டில் போற அகலம்!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். கடல் பின்வாங்கி நிற்கும் நேரம் கொஞ்சம்தான். பெருக்கு வந்தால் மறுபடி ஒரு நாள் காத்திருக்க வேண்டும். அக்காவின் நெல்லுக்கு இன்னொரு நாள் மூச்சில்லை. மண்வெட்டியால் அவ்வளவு அகலம் வெட்ட நேரம் போதாது.

சம்மாட்டியார் கரையில் கவிழ்ந்து கிடந்த பழைய வள்ளம் ஒன்றைப் பார்த்தார். அடி ஓட்டையாகி, விறகுக்கு விட்டிருந்த வள்ளம். "உதைக் கட்டி இழுத்தா?" என்றார்.

"பாரம் போதாது, மணலில மேலால வழுக்கும்" என்றேன் நான்.

"பாரமோ? இஞ்சை நிக்கிதே, இவ்வளவு யாழ்ப்பாணம்!"

அடுத்த நிமிடம் கந்தையா அண்ணரும் ஏழெட்டுப் பேரும் வள்ளத்துக்குள் குந்தியிருந்தார்கள். பரமேஸ்வரி அக்கா சேலையைச் சொருகிக்கொண்டு முன்பக்கத்து அணியத்தில் ஏறினா. "நீங்கள் வேண்டாம் அக்கா" என்று தடுத்தேன். "என்ர வயலுக்கு நான் பாரமா இருக்காமல் ஆர் இருக்கிறது? விலகும் தம்பி!" என்றா. கரைவலை இழுக்கும் ஆட்கள் வடத்தைத் தோளில் போட்டார்கள். வலை இழுக்கும் அம்பாப் பாட்டை எடுத்தார்கள். ஒருவர் பாட, மற்றவர்கள் இழுத்து இழுத்துப் பதில் பாட, வள்ளம் மணலைக் கலப்பை போல உழுதுகொண்டு கடலை நோக்கி நகர்ந்தது. உள்ளே இருந்தவர்களுக்கும் அம்பா தொற்றிக்கொண்டது. சொல் தெரியாமல் ராகத்தை மட்டும் பிடித்துக் கத்தினார்கள். வள்ளம் போன இடமெல்லாம் வண்டிப்பாதை அகலத்தில் ஒரு பள்ளம்.

மூன்றாம் இழுப்பிலோ நாலாம் இழுப்பிலோ களப்பு விழித்துக்கொண்டது. பழுப்புத் தண்ணீர் ஒரு பெரிய முதுகை உயர்த்திக்கொண்டு பள்ளத்துக்குள் பாய்ந்தது. கரை இரண்டும் துண்டு துண்டாய் இடிந்து விழுந்தது. வள்ளம் மிதந்தது! ஓட்டை வள்ளம், பாரம் முழுவதும் நீந்தத் தெரியாத தோட்டக்காரர்கள், முன்னால் விரிகுடா. வடத்தில் நின்றவர்கள் குதிக்காலை மணலில் புதைத்துப் பின்னுக்குச் சாய்ந்தார்கள். நானும் வடத்தில் தொங்கினேன். கந்தையா அண்ணர் முருகனைக் கூப்பிட்டார். பதில் வரப் பிந்திற்றோ என்னவோ, அடுத்த மூச்சில் மீன்பிடிக்காரரின் அந்தோனியாரையும் கூப்பிட்டார். இப்போதும் அவர் அதை ஒத்துக்கொள்வதில்லை. வடம் பிடித்த அத்தனை பேரும் கேட்டார்கள்.

பக்கவாட்டில் இழுத்துக் கரை சேர்த்தோம். அக்கா இறங்கினதும் செய்த முதல் வேலை, திரும்பிப் பார்த்ததுதான். வாய் கண்ணுக்கு முன்னால் அகன்றுகொண்டே போயிற்று. வண்டிப்பாதை ஆறாயிற்று. வெள்ளம் இரைந்துகொண்டு கடலுக்குள் இறங்கிற்று. அவா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, அழுகிறாவா சிரிக்கிறாவா என்று தெரியாத முகத்தோடு, "ஐயோ, எவ்வளவு நல்ல தண்ணி!" என்றா.

றாலில் பாதி வலைக்கு அகப்படாமல் ஓடித்தான் போயிற்று. மிச்சப் பாதியே வாடிகளில் கொள்ளவில்லை. குடியேற்றக்காரர்களும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கடகத்தால் அள்ளினார்கள். ஒருவர் நெடுநேரம் அள்ளி, ஒன்றும் நிற்கக் காணாமல், கடகத்தைத் தூக்கிப் பார்த்தபோதுதான் அதற்கு அடி இல்லை என்று கண்டுபிடித்தார்.

தம்பிமாரே, உங்களுக்கும் ஒரு நாள் "உமது உசிதப்படி" என்று தந்தி வரும். உசிதம் என்பது உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தால் அதற்கு ஒரு சதமும் பெறுமதியில்லை. பாதிக்கப்படப் போகிறவர் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும், தேவையென்றால் நாக்கால் சுவைக்க வேண்டும். அவருக்குப் பழக்கமான வழியிலே அதைக் காட்ட வேண்டும். உங்களுக்குப் பழக்கமான வழியிலே அல்ல. நீங்கள் பிழைவிட்டிருந்தால் அதுவும் அதே குழியில் தெரிய வேண்டும். தெரியுமென்று பயமாய்த்தான் இருக்கும். இருக்கட்டும். அந்தப் பயம் இல்லாமல் எடுத்த முடிவை நான் நம்பமாட்டேன். இதற்குமேல் நான் பெரிய மனிதர் போலப் புத்தி சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

பரமேஸ்வரி அக்கா அந்தப் போகத்தை வெட்டினா. அண்ணன்மாரின் வண்டி வந்து, நெல்மூட்டையோடு மட்டும் திரும்பிப் போயிற்று. ஆனால் எனக்கு மனதில் நிற்பது அறுவடை அல்ல. வாய் திறந்த மறுநாள்.

வெயில் எறித்தது. அக்காவின் வயலில் வெள்ளம் முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. நெல் தலைசாய்ந்து, இலையெல்லாம் சேறு படிந்து, ஆனால் பச்சையாய் நின்றது. அவாவும் மூன்று பிள்ளைகளும் வயலுக்குள் நின்று, இலைகளுக்குக் கையால் தண்ணீர் விசிறிச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். "நிமிர், நிமிர், விடிஞ்சு எவ்வளவு நேரம்!" என்று நெல்லை அதட்டிக்கொண்டிருந்தா. வரம்பில் நின்ற என்னைப் பார்த்து, "உங்கை நிண்டு வடிவு பாக்காமல் இறங்கும்" என்றா. சப்பாத்தைக் கழற்ற நேரமில்லாமல் இறங்கினேன்.

அப்போது சம்மாட்டியார் தன் ஆட்கள் சிலரோடு வரம்பால் வந்தார். இத்தனை வருடம் களப்பின் மறுகரையில் இருந்தவர், வயலுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் முறையாம்.

"இதுக்குத்தானோ பிள்ளை அவ்வளவு சண்டை?" என்றார். "நெல்லு எங்கை? வெறும் புல்லெல்லோ நிக்குது?"

"உள்ளுக்குள்ள இருக்கு" என்றா அக்கா.

அவர் குனிந்து, உப்பிப் பருத்திருந்த ஒரு தண்டைப் பிடித்து, மீனின் வயிற்றைப் பிளக்கிற மாதிரி நகத்தால் பிரித்துப் பார்க்கப் போனார். அக்கா பாய்ந்து அவர் கையில் பட்டென்று ஒரு அடி போட்டா.

"தொடாதையுங்கோ! வயித்தில பிள்ளையோட நிக்கிறாள்!"

நாயாற்றுக் கரை முழுவதையும் அதட்டும் அந்த மனிதர் கையைப் பின்னுக்கு இழுத்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு, சிரிக்காமல், அந்த நெல்லைப் பார்த்துச் சொன்னார்:

"தெரியாமல் தொட்டுப்போட்டன் பிள்ளை. மன்னிச்சுக்கொள்."